திரும்பும் ஆண்டைக் குறித்துக்கொண்டு பள்ளியைத் தேடுங்கள்

நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், விவேக் நகர் பகுதிகளில் வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பேசி வளரும் பிள்ளைகள் பலர். இக்குடும்பங்களில் ஒருவருக்கு வெளிநாட்டில் பணி அமைந்ததும், பணம் அனுப்பும் வழியைக் கேட்டு வங்கிக்கு வருகிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்பது வேறு: பிள்ளை எந்த வகுப்பில் புறப்படுகிறது, எந்த வகுப்பில் திரும்பி வரும்?

இரண்டாண்டு ஒப்பந்தத்தில் சென்ற வாடிக்கையாளர் ஒருவர், எட்டாம் வகுப்பு முடித்த மகளை வீட்டருகே இருந்த பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் சேர்த்தார். திரும்பியபோது, மகள் மீண்டும் ஒன்பதாம் வகுப்பில் அமர நேர்ந்தது. இழந்த அந்தக் காலத்தை எந்த வங்கியும் ஈடுசெய்ய இயலாது.

குறுகிய காலம் தங்குவோர்

சி.பி.எஸ்.இ. வாரியம் ஒன்பதையும் பத்தையும் ஈராண்டுப் படிப்பாகவே நடத்துகிறது. மாணவர் பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே முடிந்துவிடும். நேரே பத்தில் சேர்வது எளிதன்று. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்புவோர், அங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளியைத் தேடுவதே நன்று. வளைகுடா நாடுகளில் இத்தகைய பள்ளிகள் பல உள்ளன. துபாயில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குகின்றன. பிரிட்டிஷ் பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்டு இறுதியில் தொடங்குகின்றன. அங்குள்ள கல்வி ஆணையம் தனியார் பள்ளிகளை ஆய்ந்து, தரமிட்ட அறிக்கைகளை வெளியிட்டுள்ளது. விளம்பரத்தை நம்புவதினும் அவ்வறிக்கைகளைப் படிப்பது மேல்.

கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் கற்பிக்கப்படுகிறது. திரும்பும் எண்ணம் உள்ளோர், பிள்ளையின் கன்னட எழுத்துப் பயிற்சி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெடுங்காலம் தங்குவோர்

நெடுங்காலம் தங்குவோருக்கு அந்நாட்டுப் பள்ளியே பொருத்தம். ஆனால் பிள்ளையின் வயது முக்கியம். ஜெர்மனியில் அரசுப் பள்ளிகளில் கட்டணமில்லை. பள்ளிக்குச் செல்வது சட்டப்படி கட்டாயம். பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்புக்குப் பின் மாணவர்கள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். ஆறு வயதில் செல்லும் குழந்தைக்கு மொழி கைவரும். பத்து வயதில் செல்லும் பிள்ளையோ மொழியும் அறியாமல் அப்பிரிவின் வாசலில் நிற்கும்.

சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அரசுப் பள்ளிகளில் இடைநிலை வகுப்புகளில் சேர விரும்பும் வெளிநாட்டு மாணவர்க்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நுழைவுத் தேர்வு உண்டு. தேறினாலும் காலியிடம் இருந்தாலன்றி இடமில்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழி, பள்ளிப் பாடமும்கூட. தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம் பெங்களூருப் பிள்ளைகளுக்கு, புறப்படுமுன் வீட்டில் எழுத்துகளைக் கற்பித்துவிடுதல் நலம்.

நாடு விட்டு நாடு மாறுவோருக்கு, 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐ.பி. திட்டம் உதவும். கட்டணம் மிகுதி, நிறுவனம் ஏற்றாலன்றி யோசித்தே முடிவெடுங்கள்.

பணமும் ஆவணங்களும்

பணி நியமனக் கடிதத்தில் கையெழுத்திடுமுன், பள்ளிக் கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா, எத்தனை பிள்ளைகளுக்கு, பேருந்துக் கட்டணம் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். முதல் சம்பளம் வருமுன்பே சேர்க்கைக் கட்டணம் செலுத்த நேரும். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். அனுப்பும் தொகை ஆண்டில் 10 லட்ச ரூபாயைத் தாண்டினால் மூலத்தில் வரி வசூலாகும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் அவ்வரி இல்லை. வசூலான வரியை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். பணிக்குச் சென்றபின் உங்கள் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவது சட்டப்படி அவசியம்.

மாற்றுச் சான்றிதழ், கடந்த மதிப்பெண் பட்டியல்கள், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றைத் திரட்டுங்கள். வளைகுடா நாடுகள் மாற்றுச் சான்றிதழில் அரசு மேலொப்பம் கேட்கும். அதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

இறுதியாக ஒன்று. பள்ளிப் பட்டியலைத் திறக்குமுன், ஒரு தாளில் பிள்ளையின் வயது, வகுப்பு, புறப்படும் ஆண்டு, திரும்பும் ஆண்டு ஆகிய நான்கையும் எழுதிப் பாருங்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எந்த நாட்டில் அமைகின்றன என்பது தெரிந்துவிடும். பாதி முடிவு அப்போதே ஆகிவிடும். மீதிக்கு உங்கள் கிளைக்கு வாருங்கள், சேர்ந்து கணக்கிடுவோம்.