புற்றுநோயாளிகளுக்கான விளக்க ஏடுகள்: ஆக்கச் செலவும் அதன் பயனும்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப்பெறும் நோயாளிகளுள் பெரும்பாலோர் ஒரு நாளிலோ, சில நாட்களிலோ ஊர் திரும்பிவிடுகின்றனர். அடுத்த தவணை வரையில், பல சிகிச்சை முறைகளில் சுமார் மூன்று வாரங்கள், அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு குடும்பத்தாரைச் சார்கிறது. அக்குடும்பத்தாருக்கு மருத்துவமனையில் கேட்ட சொற்களும், கையில் பெற்ற விளக்க ஏடுமே துணை. அத்தகைய ஏட்டை ஆக்குவதற்கு ஆகும் செலவு யாது, அதில் எதனைக் குறைக்கலாம், எதனைக் குறைத்தலாகாது என்பவை களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருக்கத்தக்க செய்திகளாகும்.

சித்தூர், திருப்பதிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். திருப்பதியில் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிலையமும், 2022இல் திறக்கப்பெற்ற புற்றுநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது. குப்பம் போன்ற ஊர்களிலிருந்து திருப்பதிக்கு வருவோர் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். மாநில ஆட்சிமொழி தெலுங்கு. எனினும் குப்பம், நகரி முதலிய எல்லைப் பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசுவோர் பலர். தமிழ் பேசினும் தெலுங்கு எழுத்தே அறிந்தோர் உண்டு; எந்த எழுத்தும் அறியாதோரும் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அன்றைய சித்தூர் மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ நூற்றுக்கு 72 பேரே.

ஒரு வாக்கியத்தின் விலை

புற்றுநோய் மருந்துகளுள் பல, இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. பொதுவாக மருந்து ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை இக்குறைவு மிகுதியாயிருக்கும். அந்நாட்களில் கிருமி தொற்றினால், காய்ச்சல் ஒன்றே அதன் அறிகுறியாக அமையக்கூடும். காலங்கடத்தினால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

ஓர் ஏட்டில், “காய்ச்சல் கண்டால் மருத்துவரை அணுகவும்” என்று எழுதலாம். இதைப் படிப்பவர் வழக்கமான மாத்திரையொன்றை விழுங்கிவிட்டுப் பொழுது விடியட்டும் என்று இருந்துவிடுவார். “உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட் பாகையை எட்டினால், நடு இரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; மருந்து ஏற்றியிருப்பதைச் சொல்லுங்கள்” என்றும் எழுதலாம். அச்சடிக்கும் செலவில் இவ்விரண்டிற்கும் வேறுபாடு இல்லை எனலாம். வேறுபாடு, அச்சுக்கு முன்னர்ச் செய்யப்பெறும் உழைப்பிலேயே உள்ளது.

செலவின் இரு கூறுகள்

ஏட்டின் செலவு இருவகைப்படும். எழுதுதல், மருத்துவரின் சரிபார்ப்பு, படம் வரைதல், மொழிபெயர்ப்பு, எழுத்தமைப்பு, மெய்ப்புத் திருத்தம் ஆகியவை முதல் வகை. எத்தனை படிகள் அச்சிட்டாலும் இச்செலவு ஒன்றே. தாள், மை, மடித்துத் தைத்தல், அனுப்புதல் ஆகியவை இரண்டாம் வகை. இச்செலவு படிகளின் எண்ணிக்கைக்கேற்ப வளரும்.

கணக்கு விளங்குதற்பொருட்டு, முதல் வகைச் செலவு 40,000 ரூபாய் என்றும், படி ஒன்றுக்கு இரண்டாம் வகைச் செலவு 8 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 500 படிகள் அச்சிட்டால் ஒன்றின் அடக்கவிலை 88 ரூபாய். 5,000 படிகளாயின் 16 ரூபாய். 20,000 படிகளாயின் 10 ரூபாய். குறைந்த எண்ணிக்கையில் தேவைப்படும் மொழியே இதனால் பெரிதும் பாதிக்கப்படுகிறது. தமிழில் 1,000 படிகளே தேவையெனில், தனியே ஆக்கும்போது ஒன்றுக்கு 48 ரூபாய் ஆகும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. வண்ண ஆப்செட் அச்சில் நீலம், செந்நிறம், மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகள் பயன்படுகின்றன. எழுத்துகள் யாவும் கறுப்பில் மட்டும் அமைந்திருப்பின், படங்களின் மற்ற மூன்று தகடுகளையும் வைத்துக்கொண்டு, கறுப்புத் தகட்டை மாத்திரம் மாற்றித் தெலுங்கு ஏட்டையும் தமிழ் ஏட்டையும் அடுத்தடுத்து அச்சிடலாம். படத்தினுள் வண்ண எழுத்துகள் இருத்தலாகாது. நீண்ட வாக்கியங்களுக்கும் இடம் விட்டிருத்தல் வேண்டும். மேற்கூறிய 40,000 ரூபாயில் 30,000 இரு மொழிகளுக்கும் பொதுவென்றும், மொழிக்குரிய தனிச்செலவு 10,000 என்றும் கொண்டால், 5,000 தெலுங்குப் படிகளுடன் சேர்ந்து அச்சாகும் 1,000 தமிழ்ப் படிகளின் அடக்கவிலை 23 ரூபாயாகக் குறையும். தெலுங்குப் படியும் 15 ரூபாயாகிறது.

பிறர் ஆக்கியதைப் பயன்படுத்தல்

பிரிட்டனில் டாக்டர் விக்கி கிளெமென்ட்-ஜோன்ஸ் என்னும் பெண் மருத்துவர், தாமே புற்றுநோய்க்கு ஆளானபின், நோயாளிகளுக்குச் செய்தி வழங்குவதற்கென 1985இல் ஓர் அமைப்பை நிறுவினார். அவ்வமைப்பு வெளியிட்ட ஏடுகளை மும்பையிலுள்ள ஜாஸ்காப் என்னும் தொண்டு நிறுவனம் இசைவு பெற்று இந்திய மொழிகளில் வெளியிட்டது. இவ்வழியில் எழுதும் செலவு பெருமளவு மிச்சமாகிறது. ஆயினும் உணவு, பழக்கவழக்கம், மருத்துவ வசதி ஆகியவை நம் நாட்டுக்கேற்ப மாற்றப்பெறல் வேண்டும். சொற்களிலும் கவனம் தேவை. கதிரியக்கச் சிகிச்சையை மக்கள் ‘கரண்டு வைத்தல்’ என்கின்றனர். மின்சாரம் பாயும் என்ற அச்சம் இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. ‘கதிர்வீச்சு’ என்று மட்டும் அச்சிட்டால், அந்த அச்சம் நீங்காது. மக்கள் சொல்லையும் குறித்து, “இதில் மின்சாரம் உடலில் பாய்வதில்லை” என்று விளக்குவதே முறை.

சிக்கனம் எங்கே?

பளபளப்பான தாள், தடித்த அட்டை, அலங்காரப் படங்கள் ஆகியவற்றைக் குறைக்கலாம். தொலைபேசி எண்களை அச்சிடாமல் கட்டம் மட்டும் விட்டு, அந்தந்த மருத்துவமனையில் முத்திரையால் பதிக்கச் செய்யலாம். எண் மாறினாலும் எஞ்சிய ஏடுகள் வீணாகா. ஆனால், அச்சிடுமுன் சிலரிடம் படித்துக்காட்டிச் சோதிக்கும் வேலையை ஒருபோதும் விடலாகாது.

இச்சோதனைக்குப் பணம் மிகுதியாக வேண்டுவதில்லை. எல்லை ஊர்களின் ஆசிரியரும், வீடுதோறும் செல்லும் சுகாதாரப் பணியாளரும் இதற்குப் பெரிதும் ஏற்றவர்கள். ஐந்தாறு பேருக்கு ஏட்டின் கையெழுத்துப்படியைப் படித்துக்காட்டி, “புரிந்ததா?” என்று கேட்பது பயன் தராது, மரியாதைக்காக யாவரும் “புரிந்தது” என்பர். “இன்றிரவு காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு, அவர்கள் தம் சொந்தச் சொற்களில் கூறும் விடையைக் குறித்தல் வேண்டும். விடை பிழையாயின், திருத்தப்பட வேண்டியது ஏடேயாகும். எழுத்தறியாதோருக்கும் இவ்வாறே படித்துக்காட்டலாம். இவ்வாறு திருந்திய ஓர் ஏட்டின் அடக்கவிலை சில ரூபாய் கூடினும், நள்ளிரவில் ஒரு குடும்பம் தக்க முடிவெடுக்க அது உதவுமாயின், அச்செலவு மிகையென்று கூற இயலாது.