பத்தியமும் உடல் நிறையும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியிருந்த ஓர் ஆசிரியையைக் காண அண்மையிற் சென்றிருந்தேன். எனக்கு முன்னரே வந்தவர்கள் விறாந்தையை நிறைத்திருந்தனர். ஒருவர் முட்டையும் சத்துமாவும் கொண்டுவந்து, "நன்றாகச் சாப்பிட்டுத் தேறவேண்டும், ரீச்சர்" என்றார். மற்றொருவர் சீனியைத் தொடவே கூடாதென்றார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, "உங்கள் வீட்டுச் சமையலில் எண்ணெய் கொஞ்சம் கூடத்தானே" என்றார். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. எல்லாரும் சென்ற பின்னர் என்னிடம் கேட்டார்: "நான் சாப்பிட்டதாலேயோ இது வந்தது? இனி எதைச் சாப்பிட்டால் திரும்பி வராது?"

மருந்து பாதி, பத்தியம் பாதி என்று நம்பி வளர்ந்த சமூகத்தில் இக்கேள்விகள் எழுவது இயல்பே. இரண்டாவது கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டிருக்கின்றனர். பல்லாண்டு உழைத்து விடையும் தேடியிருக்கின்றனர். அவ்விடை நாம் எதிர்பார்ப்பது போன்றதன்று.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் பியர்ஸ் என்பார் தலைமையில், 1995 முதல் 2000 வரை 3,088 பெண்கள் ஓர் ஆய்விற் சேர்க்கப்பட்டனர். அனைவரும் ஆரம்ப நிலையிற் புற்றுநோய் கண்டு சிகிச்சை பெற்றவர்கள். அவருட் பாதிப்பேருக்கு விதிக்கப்பட்ட பத்தியம் கடுமையானது: நாள்தோறும் ஐந்து பங்கு காய்கறி, 16 அவுன்ஸ் காய்கறிச் சாறு, மூன்று பங்கு பழம், 30 கிராம் நார்ப்பொருள், மிகக் குறைந்த கொழுப்பு. அவர்கள் ஏமாற்றவுமில்லை, காய்கறிகளின் நிறப்பொருள்கள் இரத்தத்தில் உயர்ந்திருந்தமை அதற்குச் சாட்சி. சராசரி ஏழாண்டுகளுக்கு மேல் அவர்களைக் கவனித்து, 2007 இல் முடிவை வெளியிட்டனர். பத்தியம் காத்தவருள் நூற்றுக்கு 16.7 பேருக்கும், காவாதவருள் 16.9 பேருக்கும் நோய் மீண்டோ புதிதாகவோ தோன்றியிருந்தது. இவ்வளவு கரற்சாறும் குடித்ததன் பயன் இதுதானா என்று எவரும் மனமுடைவர்.

ஆனால், அதற்கு முந்திய ஆண்டில் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு வேறு கதை சொல்லிற்று. றோவன் கிளெபௌஸ்கி என்ற வைத்தியர் நடத்திய அந்த ஆய்விற் பங்குகொண்டவர்கள் மாதவிடாய் நின்ற 2,437 பெண்கள். அவருள் ஒரு சாராரிடம் உணவிலுள்ள கொழுப்பைக் குறைக்குமாறு மட்டுமே கூறப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகளின் பின்னர், அவ்வாறு குறைத்தவருள் நூற்றுக்கு 9.8 பேருக்கும் ஏனையோருள் 12.4 பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. வேறுபாடு சிறிதே, தற்செயலென்று தள்ளிவிடக்கூடிய எல்லைக்கு அண்மையிலேயே அது நிற்கின்றது. ஆயினும், இங்கே தோன்றிய வேறுபாடு அங்கே தோன்றாதது ஏன்?

இரண்டையும் ஒப்பிட்டோர் ஒன்றைச் சுட்டினர். சாறு குடித்த பெண்களின் உடல் நிறை குறையவில்லை. கொழுப்பைக் குறைத்தவர்களோ, மற்றவர்களிலும் சுமார் ஆறு றாத்தல் இளைத்திருந்தனர். தட்டில் என்ன இருந்தது என்பதிலும், தராசு என்ன காட்டிற்று என்பதே பெரிதாயிருக்கலாம்.

இதற்கு உடற்றொழிலியலிற் காரணமுண்டு. 1896 இல் கிளாஸ்கோவின் ஜோர்ஜ் பீற்சன், சூலகங்களை அகற்றியபின் முற்றிய மார்பகப் புற்று ஒடுங்கியதை எழுதினார். பெண்மைக்குரிய ஈஸ்திரசன் என்னும் ஓமோன் இப்புற்றுக்கள் பலவற்றுக்குத் தீனி என்பது பின்னர் தெளிவாயிற்று. மாதவிடாய் நின்றபின் சூலகம் ஓய்கின்றது; ஆனால் கொழுப்பிழையத்தில் அரோமற்றேசு என்னும் நொதியம் இருந்து, வேறு ஓமோன்களை ஈஸ்திரசனாக மாற்றிக்கொண்டேயிருக்கின்றது. கொழுப்பு மிகுந்தால் இத்தீனியும் மிகும். அன்றியும் பருத்த உடலிற் பெருகும் இன்சுலின் கலங்களை வளரத் தூண்டும்.

2014 இல் 82 ஆய்வுகளை ஒருங்குசேர்த்து, 213,075 பெண்களின் வரலாற்றை ஆராய்ந்தனர். நோய் காணப்படுவதற்கு முன்னர் மிகைப் பருமனாயிருந்தோருக்கு, அளவான நிறையுடையோரிலும் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 41 மடங்கன்று, 41 வீதமே கூடுதலாயிருந்தது. பத்திரிகைகள் இவ்விரண்டையும் குழப்புவதுண்டு. மிக மெலிந்தோர் நிலையும் நன்றாக இருக்கவில்லை. ஆயினும், பருமனானோர் நலிவடைந்தனர் என்பதனால், மெலிந்தால் நலமடைவர் என்று உடனே முடிவு கட்டலாகாது. அதனைச் சோதிக்கவே ஜெனிபர் லிஜிபெல் தலைமையில், மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு 2016 இல் ஒரு பேராய்வு தொடங்கப்பட்டது.

பருமன் என்றதும் மேனாட்டு உருவங்களை நினைத்து நாம் ஆறுதலடைய வேண்டியதில்லை. கிலோகிராமிலுள்ள நிறையை, மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 25 ஐத் தாண்டினால் மிகை என்பது பொது அளவு. ஆசிய மக்களுக்கு 23 இலேயே விழிப்பு வேண்டுமென 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் கூறினர்.

இங்கேதான் நம் உபசாரம் இடறுகின்றது. புற்றுநோய் என்றால் உடல் உருகும் என்றெண்ணி ஊட்டுகின்றோம். ஆரம்ப நிலை மார்பகப் புற்றில் பலருக்கு மருந்தேற்றும் காலத்தில் நிறை கூடுகின்றது. களைப்பினாற் கிடந்த இடத்திலேயே கிடப்பது ஒரு காரணம். நோய் முற்றி உண்ண இயலாதிருப்போர் கதை வேறு; அவர்கள் எதனை உண்ண முடியுமோ அதனை உண்ணட்டும்.

சோயாமீற் குறித்த அச்சமும் நம்மிடையே உண்டு. அதில் ஈஸ்திரசனை ஒத்த பொருள் இருப்பது உண்மை. எனினும் சங்காயில் 5,042 நோயாளரைத் தொடர்ந்து கவனித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், சோயா உணவை மிகுதியாக உண்டோரிடையே நோய் மீள்வதும் மரணமும் குறைவாகவே காணப்பட்டன.

எனக்குக் கவலை தருவது இவையல்ல. இலைச்சாற்றை நம்பி மாத்திரையைக் கைவிடுவோர் இருக்கின்றனர். ஈஸ்திரசனை ஏற்கும் வகைப் புற்றுக்கு ஐந்தாண்டு தமொக்சிபென் உட்கொண்டால், பதினைந்தாண்டுகளில் இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகின்றது. எந்தப் பத்தியமும் இதன் அருகில் வந்ததில்லை.

ஆசிரியையின் முதற்கேள்வி எஞ்சுகின்றது. மாதவிடாய் நின்றபின் மிகை நிறை இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். ஆனால் ஒல்லியானவர்க்கும் வருகின்றது. பருத்தவர் பலருக்கு வருவதேயில்லை. ஒரு தனிப் பெண்ணைப் பார்த்து, உன் சமையலால் வந்தது என்று சொல்ல எந்த வைத்தியருக்கும் ஆதாரமில்லை. விறாந்தையில் இருந்தவருக்கு அது எங்கிருந்து கிடைத்ததோ!

இதனை அவரிடம் கூறினேன். நெடுநேரம் மௌனமாயிருந்தவர், மேசைமேலிருந்த சத்துமாப் பேணியைக் காட்டி, "அப்படியென்றால் இதை என்ன செய்ய?" என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றேன். "நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், நடந்த மாதிரியும் இருக்கும்" என்று எழுந்து செருப்பைத் தேடினார்.