உள்ளத்தை உற்று நோக்குவோம்

மகன் தேர்வில் தவறிவிட்டான். "இனி இவ்வீட்டு வாசலை மிதியாதே" என்று தந்தை சீறினார். பதினேழு வயது மகன் அன்றிரவே திருப்பூருக்குப் பேருந்து ஏறினான். ஈராண்டுகள் கடந்தபின் அத்தந்தை நம்மிடம் வந்து அழுதார். "அன்று உங்கள் உள்ளத்தில் இருந்தது யாது?" என வினவினோம். நெடுநேரம் மௌனமாயிருந்தவர், "கோபம் இல்லை, சாமி. இவன் எதிர்காலம் என்னாகுமோ என்ற பயம்" என்றார். அச்சமே சினமாக வெளிப்பட்டதை அவர் உணர ஈராண்டுகள் ஆயின!

தம் உணர்ச்சிகளையும் பிறர் உணர்ச்சிகளையும் அறிந்து ஆளும் திறனை உளநூலார் 'மனவெழுச்சி நுண்ணறிவு' என்பர். அமெரிக்க அறிஞர்களான பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990-இல் இதனை ஆய்வுப் பொருளாக்கினர். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் இதனை உலகறியச் செய்தது. எனினும், திருச்சபைக்கு இது முற்றிலும் புதிதன்று.

1521-ஆம் ஆண்டு மே மாதம், பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த இஞ்ஞாசியார், லொயோலா மாளிகையில் படுக்கையுற்றார். படிக்க வீரக் கதைகளை வேண்டினார். கிடைத்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளுமே. சில வேளை, ஒரு சீமாட்டியின் பொருட்டுத் தாம் புரியவிருக்கும் வீரச் செயல்களைக் கனவு கண்டார். சில வேளை, புனிதரைப் போல் வாழ எண்ணினார். இரண்டும் இனித்தன. ஆனால், முன்னது அகன்றபின் உள்ளம் வறண்டது. பின்னது அகன்றபின்னும் மகிழ்ச்சி நிலைத்தது. இவ்வேறுபாட்டை உற்று நோக்கியது அவர்தம் மனமாற்றத்திற்கு வித்தாயிற்று.

1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலுடன் அச்சேறிய அவரது 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூல் ஒரு விதியைத் தருகிறது: உள்ளம் இருண்டு கலங்கிய வேளையில், முன்னர்த் தெளிவுடன் செய்த தீர்மானத்தை மாற்றலாகாது. நம் இல்லங்களுக்கு இவ்விதி எத்துணைத் தேவை! மதிப்பெண் வந்த நாளிலேயே படிப்பை நிறுத்துவதும், பிணக்கு முற்றிய இரவிலேயே பாகம் பிரிப்பதும், மேலாளர் கடிந்த மாலையிலேயே வேலையை விடுவதும் இருளில் எடுத்த முடிவுகளே.

உணர்ச்சி தோன்றுவது பாவமன்று. அதனை அறியாது அதற்கு அடிமையாவதே கேடு. அஞ்சி நடுங்கும் பிள்ளையின் கண் புத்தகத்தில் இருப்பினும் கருத்து அங்கிராது. அப்பிள்ளைக்கு அடியைவிட ஆறுதலே கல்விக்குத் துணை.

இஞ்ஞாசியார் நாள்தோறும் ஆன்ம சோதனை செய்யக் கற்பித்தார். இரவு செபமாலை முடிந்ததும் நாமும் சற்று அமைதி காத்து, "இன்று என்னை ஆட்டிப் படைத்த உணர்ச்சி எது? அது எதனால் வந்தது? அதனால் புண்பட்டவர் யார்?" என்று நம்மையே கேட்போம்.

அத்தந்தை திருப்பூர் சென்று, "அன்று பயந்துவிட்டேன், தம்பி" என்றார். மகன் இன்னும் ஊர் திரும்பவில்லை. ஆயினும், ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறான்.

அன்புப் பெற்றோரே, ஈராண்டுகள் காத்திராமல் இன்றிரவே தொடங்குவோமாக!