வால்வு ஒலிபெருக்கியின் பலகை

கித்தாருக்கான வால்வு ஒலிபெருக்கியைத் தாமே செய்ய விரும்பும் பிள்ளைகள் முதலில் பலகையைத் தீர்மானிக்க வேண்டும்.

1962இல் லண்டனில் தொடங்கிய மார்ஷல், சிறு உலோக முளைகளை அறைந்த பலகையில் ஈயம் பற்றவைத்தது. அமெரிக்க ஃபெண்டர், நார் அட்டையில் உலோகக் கண்களைப் பதித்தது. அந்த அட்டை ஈரத்தை இழுக்கும். குனோங் ராபாட்டின் மழைக்காற்றுக்குக் கண்ணாடியிழைப் பலகையே நல்லது.

அச்சிட்ட பலகையில் செம்புக் கோடே கம்பி. நிறையச் செய்ய மலிவுதான். ஆனால் வால்வை அதிலேயே பொருத்தினால் சூட்டில் பற்று விரிசல் விடும். முளைப் பலகையிலோ பழுதான கண்டென்சரை மட்டும் எளிதில் மாற்றலாம்.

மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பெரிய கண்டென்சரில் 400 வோல்ட் தங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லும். பிளக்கைக் கழற்றி, ரெசிஸ்டர் வழியே அதை வடித்து, மீட்டரில் பார்த்த பின்பே, பழகியவர் அருகிருக்க, உங்கள் மகன் உள்ளே கைவைக்கட்டும்.