தமிழ்ப் பக்கத்துக்கு எப்படி முகவரி வைப்பது?

இணைய முகவரியைச் சொடுக்குவதற்கு முன்பே வாசகர் அதில் ஒரு கண் ஓட்டுகிறார். பக்கங்களைத் துழாவிப் பட்டியலிடும் தேடுபொறியும் அதைப் படிக்கிறது. கேள்விக்குறியும் எண்ணுமாக நிற்கும் முகவரியால் இருவருக்கும் பயனில்லை. பக்கம் எதைப் பற்றியது என்று ஓரிரு சொற்களில் தெரிவிக்கும் முகவரியையே கூகுள் பரிந்துரைக்கிறது. ஆனால் அந்தச் சொற்கள் தரவரிசையை உயர்த்துவது மிகச் சிறிதளவே. முகவரியை மாற்றினாலே முதலிடம் கிடைக்கும் என்போரை நம்ப வேண்டியதில்லை.

தமிழில் எழுதுவோருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இணைய முகவரி அடிப்படையில் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே ஏற்கும். மற்ற எழுத்துகளைக் கணினி பைட்டுகளாகக் குறிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் அதையடுத்து இரண்டு எழுத்தோ எண்ணோ என மாறுவதால், ஒரு தமிழ்க் குறி 9 இடத்தைப் பிடிக்கிறது. மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் காலும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும்.

ஓர் ஊர்ப்பெயரை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது பெரிய முதலியார்சாவடி. ஊர்ப்பெயரில் 19 குறிகள். நடுவில் ஓர் இடைக்கோட்டையும் சேர்த்தால் 172 இடம். வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸ், முகவரியில் ஒரு பதிவின் பெயருக்கு ஒதுக்குவது மொத்தம் 200 இடம். 'பெரிய முதலியார்சாவடி கடற்கரை' என்று தலைப்பிட்டால், முகவரி 'பெரிய-முதலியார்சாவடி-கடற' என்று அறுந்துபோகும். றகரத்தின் புள்ளிக்குக்கூட இடம் மிஞ்சாது. 'பெரிய' என்பதை விட்டுவிட்டால் 190-க்குள் அடங்கிவிடும். ஆனால் சின்ன முதலியார்சாவடி என்றும் ஓர் ஊர் இருக்கிறதே!

கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகரில் நிலைமை வேறு. முழுக்கத் தமிழில் வைத்த தலைப்பை அது முகவரியில் சேர்ப்பதில்லை. ஆண்டு, மாதத்தோடு 'பிளாக்-போஸ்ட்' என்ற பொதுப்பெயரையும் சில வேளை ஓர் எண்ணையும் ஒட்டிவிடும். 2012 முதல் பதிவரே பெயர் வைக்கலாம் என்றாலும், அதற்கும் ஆங்கில எழுத்தும் எண்ணும் ஓரிரு குறிகளுமே செல்லும்.

தமிழ் முகவரியில் தவறொன்றும் இல்லை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா தமிழ்த் தலைப்பையே முகவரியாகக் கொண்டுள்ளது. கூகுளும் அதைச் சரியாகவே படிக்கும். தளப்பெயரின் முடிவிலும் 2010-11 முதலே .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகியவை வந்துவிட்டன. தொல்லை தருவது நீளம்தான். உலாவியில் தமிழாகத் தெரிவது வாட்ஸாப்பில் ஒட்டும்போது பலவேளை சதவீதக் குறிகளின் நீண்ட வரிசையாகிவிடுகிறது. அதைப் பார்ப்பவர் தொடவே தயங்குவார். ஆகவே தலைப்பு முழுவதையும் முகவரியில் ஏற்றாமல், இரண்டு சொல்லோடு நிறுத்துவது நல்லது. அதற்கும் அடங்காத பெயரை ஆங்கில எழுத்தில் எழுதலாம். 'முதலியார்' என்பதையே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். வரைபடத்தில் இருக்கும் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து தளம் முழுவதும் அதையே பின்பற்ற வேண்டும்.

சொற்களைப் பிரிக்க அடிக்கோட்டைவிட இடைக்கோடே ஏற்றது என்பது கூகுளின் அறிவுரை. முகவரியைப் பதிவு வெளியாகும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு மாற்றினால் பழைய இணைப்பில் வருவோர் 'பக்கம் இல்லை' என்னும் 404 பிழையில் முட்டிக்கொள்வார்கள். மாற்றியே ஆக வேண்டுமானால், பழையதிலிருந்து புதியதற்கு 301 என்னும் நிரந்தரத் திசைமாற்றம் தேவை. வேர்ட்பிரஸில் பதிவின் பெயரை மட்டும் மாற்றினால் அது தானாக நடக்கும். பிளாகரில் அமைப்புகளுக்குள் போய் எழுத வேண்டும். அந்தத் திசைமாற்றத்தைக் குறைந்தது ஓராண்டாவது நீக்காமல் வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது.