வங்காள மொழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்கள்: தெரிந்ததிலிருந்து தொடங்குவோம்



நமது மஹல்லாவில் மேற்கு வங்கத்துக் குடும்பங்கள் பெருகி வருவதை எல்லோரும் பார்த்து வருகிறோம். முர்ஷிதாபாத், மால்டா போன்ற மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் பட்டறைகளுக்கும் வந்தவர்கள் இவர்கள். முன்பு ஆண்கள் மட்டும் வந்தார்கள். இப்போது மனைவி மக்களோடு வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஓதுகிறார்கள், ஒரே பள்ளிக்கூடத்திலும் சேர்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் தமிழைத் தெருவிலும் கடையிலும் கேட்டே பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தை அப்படிப் பிடிக்க வழியில்லை. ஆனால் மாத்திரை அட்டை, வங்கிப் படிவம், சம்பளச் சீட்டு, மேல்வகுப்புப் பாடநூல் என்று பலவும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. நாளை குடும்பம் கேரளாவுக்கோ பெங்களூருக்கோ சொந்த ஊருக்கோ போனாலும் கற்ற ஆங்கிலம் கூடவே போகும். பல வீடுகளில் தாய்க்கு ஆஸ்பத்திரியில் வாயாக இருப்பது பத்து வயதுப் பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்குச் சொல் தெரியாவிட்டால் மொத்தக் குடும்பமும் தடுமாறுகிறது.

பெற்றோர் ஏன் சொல்லித்தரவில்லை என்று சிலர் கேட்கலாம். மேற்கு வங்க அரசுப் பள்ளிகளில் 1980களின் தொடக்கத்தில் தொடக்க வகுப்புகளிலிருந்து ஆங்கிலம் எடுக்கப்பட்டது. பிறகு மீண்டும் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர்கள் பலருக்கு ஆங்கில எழுத்தே அறிமுகமாகவில்லை. இதில் அவர்களைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஏற்கெனவே தெரிந்த சொற்கள்

ஆங்கிலமே தெரியாது என்று சொல்லும் வங்காளப் பிள்ளைக்கும் நிறைய ஆங்கிலச் சொற்கள் தெரியும். சேர், டேபிள், டிக்கெட், பஸ், மொபைல், சார்ஜ் எல்லாம் வங்காளத்திலும் உண்டு. மின்சாரம் போனால் நம்மைப் போலவே அவர்களும் ‘கரென்ட்’ போய்விட்டது என்கிறார்கள். டாக்டர் அவர்களுக்கு ‘டாக்தார்’. நம் ஆஸ்பத்திரி அவர்களுக்கு ‘ஹாஸ்பாத்தால்’. ஆபீஸ் பேச்சில் ‘ஆபிஸ்’, ‘ஆபிஷ்’ என்று வரும். ஸ்கூலை ‘இஷ்குல்’ என்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘இஸ்கூல்’ என்று சொல்வதும் இதே வழக்கம்தான்.

முதல் வாரத்தில் புதுச் சொல்லே வேண்டாம். பிள்ளைக்குத் தெரிந்த இத்தகைய சொற்களில் ஐம்பதை எடுத்து, அவற்றின் சரியான உச்சரிப்பையும் எழுத்துக்கூட்டலையும் காட்டினால் போதும். ‘எனக்கு இவ்வளவு தெரியுமா’ என்ற தைரியம் வந்துவிடும்.

பிள்ளையோடு பேச நமக்கும் ஒரு பாலம் இருக்கிறது. அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த சொற்கள் வங்காளத்தில் ஏராளம். பேனா அவர்களுக்கு ‘கொலோம்’, அதாவது கலம். கணக்கு ‘ஹிஷேப்’. பாக்கி அங்கேயும் ‘பாக்கி’தான். வக்கீல் ‘உகில்’. நாஷ்டா, தாவத், துஆ எல்லாம் ஒலி சற்று மாறி அங்கும் உண்டு. சைகையால் விளக்க முடியாத பொருளை இப்படி ஒரு சொல்லால் விளக்கிவிடலாம்.

எங்கே தடுமாறுகிறார்கள்

வங்காளப் பிள்ளைகளின் தவறுகளில் பல அவர்களுடைய தாய்மொழியிலிருந்தே வருகின்றன. காரணம் தெரிந்தால் திட்டத் தோன்றாது, திருத்தவும் எளிது.

முதலாவது, ‘கால்’ என்ற சொல். வங்காளத்தில் இது நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். பேசும் இடத்தை வைத்துத்தான் பொருள் தெரியும். அதனால் ‘யெஸ்டர்டே’, ‘டுமாரோ’ இரண்டும் பிள்ளைக்குக் குழம்பும். காய்ச்சல் என்று தொடங்கியது என்று டாக்டர் கேட்கும்போது இந்தக் குழப்பம் சிறிய விஷயமல்ல. நாள்காட்டியில் விரல் வைத்துக் காட்டிச் சொல்லிக்கொடுப்பதே நல்லது.

இரண்டாவது, ‘காவா’, அதாவது சாப்பிடுவது. வங்காள முஸ்லிம்கள் தண்ணீரைப் ‘பானி’ என்பார்கள். ஆனால் அதைக் குடிப்பதில்லை, ‘சாப்பிடுகிறார்கள்’. டீ, சிகரெட், மருந்து எல்லாவற்றுக்கும் அதே வினைதான். எனவே ‘ஈட் வாட்டர்’ என்று பிள்ளை சொன்னால் சிரிக்க வேண்டாம். நாமும் மருந்து ‘சாப்பிடுகிறோம்’ அல்லவா? ஆங்கிலத்தில் அதற்கு ‘டேக் மெடிசின்’. இத்தகைய சொற்களைத் தனியாகக் கற்பிக்காமல் ‘டிரிங்க் வாட்டர்’, ‘டேக் மெடிசின்’ என்று ஜோடியாகவே கற்பிக்க வேண்டும்.

மூன்றாவது, ‘ஹீ’, ‘ஷீ’. வங்காளத்தில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான், ‘ஷே’. வினைச்சொல்லும் ஆண் பெண் என்று மாறாது. அம்மாவைப் பற்றிப் பேசும்போது ‘ஹீ’ என்பது இதனால்தான்.

நான்காவது, ஒலிகள். வங்காளப் பேச்சில் இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் நீளத்தால் பொருள் மாறாது. ஆகவே ‘ஷிப்’பும் ‘ஷீப்’பும், கப்பலும் ஆடும், அவர்கள் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். ஆங்கில ‘வ’ ஒலி அழுத்திய ‘ப’ போல வரும். ‘வெரி’ என்பது ‘பெரி’ ஆகும்.

இங்கே நம் பிள்ளைகள் உதவலாம். குறில் நெடில் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அவன் அவள் வேறுபாடும் அப்படியே. மறுபுறம், ‘பின்’ என்ற சொல்லில் வரும் இரண்டு வகைப் பகரம், ‘கோட்’ என்பதில் வரும் இரண்டு வகைக் ககரம் ஆகியவற்றை எழுத்திலேயே பிரித்துப் படிப்பவர்கள் வங்காளப் பிள்ளைகள். நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் அது. இருவரையும் அருகருகே உட்கார வைத்தால் இருவருக்கும் லாபம்.

சொற்களைச் சேர்க்கும் முறை

1. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் ஆங்கிலச் சொல், அடுத்து வங்காள எழுத்தில் பொருள், கடைசியில் ஒரு படம் அல்லது சிறு வாக்கியம். வங்காளம் படிக்கத் தெரிந்த தாய் இருந்தால் நடுப்பத்தியை அவரே எழுதட்டும். தாய்மொழியை ஒதுக்கினால் பொருள் மனதில் நிற்காது.

2. நாளைக்கு ஐந்து சொல் போதும். 200 நாளில் அது ஆயிரம் சொல்.

3. பொருளை மூடி வைத்துக் கேளுங்கள். மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, வாரம் கழித்து ஒரு முறை. பத்து முறை எழுத வைப்பதைவிட மறக்கப்போகும் நேரத்தில் ஒரு முறை நினைவுபடுத்திக் கேட்பது பலன் தரும்.

4. எதிர்ச்சொற்களை ஒரே நாளில் தராதீர்கள். ‘லெஃப்ட்’ உறுதியான பிறகு ‘ரைட்’. ‘யெஸ்டர்டே’ பதிந்த பிறகு ‘டுமாரோ’.

5. அகர வரிசையில் போகாமல் இடத்தின்படி போங்கள். ஆஸ்பத்திரி என்றால் ‘ஃபீவர்’, ‘பெயின்’, ‘பிஃபோர் ஃபுட்’, ‘ட்வைஸ் எ டே’. வேலையிடம் என்றால் ‘வேஜஸ்’, ‘அட்வான்ஸ்’, ‘பேலன்ஸ்’, ‘ஓவர்டைம்’.

6. ஒரு சொல் தெரிந்தால் அதன் குடும்பத்தையும் காட்டுங்கள். ‘வொர்க்’ தெரிந்தால் ‘வொர்க்கர்’, ‘பே’ தெரிந்தால் ‘பேமென்ட்’.

பள்ளியில் சேர்ப்பது

மாலை வகுப்பு பள்ளிக்கூடத்துக்கு ஈடாகாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமை உண்டு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக்கூடாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இது தெரியாமல் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் கூடப் போய்ச் சேர்த்துவிடுங்கள்.

வங்காளம் பேசுவதாலேயே ஒருவரை வெளிநாட்டவர் என்று எண்ணும் பேச்சு ஆங்காங்கே கேட்கிறது. தமிழைப் போலவே வங்காளமும் நமது அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி. இந்தப் பேச்சு நம் வீட்டுப் பிள்ளைகள் வாயில் வராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

நாம் செய்யக்கூடியது

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு மாலை, அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு பிள்ளைக்கு வழி பிறக்கும். பழைய படப் புத்தகங்கள், எழுதாத நோட்டுகள், வங்காள–ஆங்கில அகராதி ஆகியவற்றை அறக்கட்டளை அலுவலகத்தில் தரலாம். வீட்டுப் பெண்கள் அண்டை வீட்டு வங்காளத் தாயிடம் மாத்திரை அட்டையில் உள்ள இரண்டு சொற்களைச் சொல்லிக்கொடுத்தாலும் அது பெரிய உதவிதான்.

நோட்டுகள் அலுவலகத்தில் தயாராக உள்ளன. உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் கையோடு அழைத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், மற்றதைச் சேர்ந்தே பார்த்துக்கொள்வோம்.