உட்கார்ந்த கால் வேறு, நிற்கிற கால் வேறு

அம்மாவின் வெள்ளை சாக்ஸைத் துவைக்கப் போடும்போதுதான் அந்தக் கறையைப் பார்த்தேன். வலது சுண்டுவிரல் இருக்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் காய்ந்த ரத்தம். "எப்பம்மா அடிபட்டுச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "அடியா? எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்றார் அம்மா. விரலைப் பிரித்துப் பார்த்தால், கொப்புளம் உடைந்து தோல் வழன்றிருந்தது.

தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த ஷூ செய்த வேலை அது. பார்க்க அழகாக, கைக்கு லேசாக, முன்பக்கம் கொஞ்சம் குறுகி இருந்தது. அம்மாவை அழைத்துப் போகாமல், அவர் சொன்ன நம்பரை மட்டும் நம்பி ஒரு பெரிய கடையில் வாங்கினேன். அம்மாவுக்கு 74 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி மங்கிவிட்டது என்பதே அந்தப் புண்ணைப் பார்த்த டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆற ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் அம்மா கட்டடத்தின் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

பெற்றவர்களுக்குச் செருப்பும் பையும் வாங்குவதை நாம் ஒரு சின்னச் செலவாக நினைக்கிறோம். அவர்களின் நாளையே தாங்கி நிற்பவை அந்த இரண்டும்தான் என்பதை அந்த ஐந்து வாரங்களில்தான் புரிந்துகொண்டேன்.

சான்பாடாவின் காலை

அம்மா மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் மாட்டுங்கா, பிறகு செம்பூர், கடைசியில் சான்பாடா. மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் இடப்பெயர்ச்சியும் இதுதான். 1970இல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் நவி மும்பையைக் கட்டி எழுப்பியது. 1992இல் தானே கழியைத் தாண்டி மின்ரயில் வாஷிக்கு வந்தது. மாட்டுங்காவில் ஓர் அறைக்குக் கொடுக்கும் விலைக்கு இங்கே காற்றோட்டமான வீடு கிடைத்ததால் நிறையப் பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். அன்று நாற்பதைத் தொட்டிருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது.

காலை ஆறு மணிக்குச் சான்பாடா தெருக்களில் அவர்களைப் பார்க்கலாம். புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ, வேட்டிக்குக் கீழே ஹவாய் செருப்பு, அரைக்கால் சட்டைக்குக் கீழே பேரன் கழித்துப்போட்ட ஸ்போர்ட்ஸ் ஷூ. மருந்துச் சீட்டைப் பற்றியும், ஊர்த் திருவிழாவைப் பற்றியும், வெளிநாட்டு மகனின் போனைப் பற்றியும் பேசிக்கொண்டே நடப்பார்கள். அப்பா போன பிறகு அம்மாவுக்கு இந்த முக்கால் மணி நேரம்தான் நாளின் பெரிய பேச்சுத்துணை. கால் நின்றால் அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

நடக்கும் தரையும் எளிதானதில்லை. மர வேர் தூக்கிவிட்ட பேவர் பிளாக், ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன்மேல் படரும் பாசி, ரயில் நிலையப் படிகள். தற்செயலான காயங்களால் உலகில் நேரும் மரணங்களுக்கு இரண்டாவது பெரிய காரணம் கீழே விழுவதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கு 60 வயதைக் கடந்தவர்கள்.

அஞ்சாம் நம்பர் என்ன ஆனது?

"எனக்கு அஞ்சாம் நம்பர்தாம்மா. கல்யாணத்துக்கு வாங்கினதிலேர்ந்து அதேதான்" என்று அம்மா உறுதியாகச் சொல்வார். ஆனால் கால் அப்படியே இருப்பதில்லை. வயதாக ஆகப் பாதத்தின் தசைநார்கள் தளர்கின்றன. உள்ளங்கால் வளைவு இறங்குகிறது. பாதம் நீண்டு, விரிந்து கொடுக்கிறது. குதிகாலுக்கு அடியில் மெத்தைபோல் இருக்கும் கொழுப்பு மெலிகிறது. சிலருக்குக் கட்டைவிரலின் அடிமூட்டு வெளியே புடைக்கும். மாலையில் கால் வீங்கும். நாற்பது வருடத்துக்கு முந்தைய நம்பர் இன்றைய காலுக்குப் பொருந்த நியாயமே இல்லை.

இதற்குமேல் நம் ஊர்க் கால்களுக்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. கடைகளில் நாம் கேட்கும் நம்பர் பிரிட்டிஷ் அளவு. சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியப் பாதம் அகலமானது என்று அந்த ஆய்வு காட்டியது. 'பாரத்' என்பதன் முதலெழுத்தால் 'பா' என்று பெயரிட்டு, நமக்கென்று ஓர் அளவுமுறையும் முன்வைக்கப்பட்டது.

அகலம் போதாத ஷூவை நாம் எப்படிச் சமாளித்து வந்திருக்கிறோம்? ஒரு நம்பர் கூட்டி வாங்கி. அப்போது முன்னங்கால் அடங்கும், நீளம் மிஞ்சும். குதிகால் ஒவ்வோர் அடிக்கும் கழன்று கழன்று மாட்டும். முப்பது வயதுக்காரர் அதை இழுத்துக்கொண்டு நடந்துவிடுவார். எழுபது வயதில் படியிறங்கும்போது அந்த மிச்ச நீளம் தட்டிவிடும்.

வேலூர் தந்த பாடம்

உணர்ச்சி மங்கிய காலுக்கு எப்படிச் செருப்பு செய்வது என்பதை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நோய் நரம்பைக் கொல்கிறது, வலி தெரியாததால் காயத்தின்மேல் காயம் பட்டுத்தான் விரல் போகிறது என்று அவர் கண்டார். வலி என்பது உடம்பின் காவல்காரன் என்பதே அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன சேதி.

அந்தக் காவல்காரன் இல்லாத காலுக்குச் செருப்பே காவலாக வேண்டும். வேலூரிலும் பக்கத்திலுள்ள காரிகிரி மையத்திலும் அதற்கான செருப்புகள் உருவாயின. நுண்ணிய காற்றுக் குமிழிகள் நிறைந்த எம்.சி.ஆர். ரப்பர் உள்ளே, முள்ளும் கல்லும் துளைக்காத கெட்டியான சோல் வெளியே. பாதத்தின் ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தை அந்த மெத்தென்ற ரப்பர் பரவலாகப் பகிர்ந்துவிடும். ஆணி பிடுங்கிக் குத்தும் என்பதால் ஆணியே கூடாது, ஒட்டுதலும் தையலும்தான். பிராண்ட் பிறகு அமெரிக்காவின் கார்வில்லுக்குப் போய், அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காக்கவும் பயன்படுத்தினார். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அந்தச் செருப்பு இன்று எத்தனை வீட்டு வாசலில் கிடக்க வேண்டிய பொருள் என்று எண்ணிப் பாருங்கள்.

தாராவியில் ஒரு மாலை

புண் ஆறியதும் அம்மாவைத் தாராவிக்குக் கூட்டிப்போனேன். சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் வரிசையாகத் தோல் கடைகள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்நாட்டு முஸ்லிம்கள் வந்து தோல் பதனிடும் தொழிலை இங்கே வளர்த்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆதிதிராவிடக் குடும்பங்கள் உழைக்க வந்தன. பதனிடும் தொட்டிகள் போய்விட்டாலும், வெட்டுகிற, தைக்கிற, ஒட்டுகிற கைகள் சந்துகளுக்குள் இன்னும் இருக்கின்றன.

நாங்கள் போன கடைக்காரரும் நெல்லைச் சீமைக்காரர். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார். அவர் தலையசைத்தார். "ஆச்சி, எந்திச்சு நில்லுங்க. உக்காந்த கால் வேற, நிக்கிற கால் வேற." தரையில் பழைய தினசரித் தாளை விரித்து, இரண்டு பாதங்களையும் அதன்மேல் வைத்து அம்மாவை நிற்கச் சொன்னார். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, விரல்களைச் சுற்றி, வளைவை ஒட்டி, குதிகாலைச் சுற்றி மெதுவாக வரைந்தார். பிறகு, நான் பையில் கொண்டு போயிருந்த அந்தத் தீபாவளி ஷூவை வாங்கிக் கோட்டின்மேல் வைத்தார்.

ஷூவுக்கு வெளியே பென்சில் கோடு தெரிந்தது. சுண்டுவிரல் பக்கம் அரை விரல் கனத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. புண் வந்த இடம் அதேதான். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு காலை இதுக்குள்ளயா திணிச்சேன்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. மகள் வாங்கித் தந்தது என்பதால் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டு நடந்திருக்கிறார்.

பத்து நாளில் செருப்பு தயாரானது. அகன்ற முன்பக்கம், எம்.சி.ஆர். உட்தளம், குதிகாலைச் சுற்றிப் பின்வார், வீங்கினால் தளர்த்திக்கொள்ள வெல்க்ரோ. அம்மாவின் கால் இப்போது ஆறாம் நம்பர், அதிலும் அகலம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

எல்லாருக்கும் செய்து வாங்க வசதிப்படாது. கடையில் வாங்கினாலும் சில விஷயங்களைக் கவனித்தால் போதும். முதலில், மாலையில் போங்கள். வீங்கியிருக்கும் காலுக்குப் பொருந்துவதே நாள் முழுக்கப் பொருந்தும். வழக்கமாகப் போடும் சாக்ஸோடு, இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். பெரிய கால் எதுவோ அதற்கே அளவு. நின்ற நிலையில், மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

அகலத்தைச் சோதிக்க எளிய வழி, உள்ளே கிடக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நிற்பது. பாதம் ஓரங்களில் வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் பின்பகுதியை விரலால் அமுக்குங்கள், நசுங்காமல் நிற்க வேண்டும். ஷூவை மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் பாதத்தைத் தாங்காது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் சுலபமாக முறுக்கிக்கொள்ளக் கூடாது. சோலில் ஆழமான வரிகள் இருக்கட்டும், குதி தாழ்வாக, அகலமாக இருக்கட்டும். "போகப் போக இளகிடும்" என்று கடைக்காரர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். முதல் நாளே இதமாக இல்லாதது முதியவர் காலுக்கு ஆகாது.

குனிய முடியாதவர்களுக்கு வெல்க்ரோவும், நீண்ட கைப்பிடியுள்ள ஷூஹார்னும், வாசலில் ஒரு முக்காலியும் போதும். ஒற்றைக்காலில் நின்று ஷூ மாட்டும்போதே பலர் தடுமாறுகிறார்கள். மழைக்காலத்துக்கு இன்னொரு ஜோடி வேண்டும், நனைந்ததை முழுக்க உலரவிட்டு மறுபடி போட. ஹவாய் செருப்பு ஈரத்தரையில் வழுக்கும், பின்னால் பிடிமானமும் இல்லை. போடுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கழற்றியபின் பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது டாக்டரிடம் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். அதை மாற்றச் சொல்லவில்லை. வீட்டுக்குள் மட்டும் போட, பின்வார் வைத்த சுத்தமான ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். வழவழப்பான டைல்ஸில் வெறும் சாக்ஸோடு நடப்பது ஆபத்து. செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலில் 108 படி. வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். கல் சுடாத காலையில் போய், கைப்பிடியைப் பிடித்து ஏறினால் முருகன் குறை சொல்ல மாட்டான்.

பை கேட்கும் கூலி

செருப்பு சரியானதும் நடை சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அம்மா இடப்பக்கம் சாய்ந்தே நடந்தார். ஒருநாள் அவருடைய தோள்பையை எடுத்து, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டினேன். 3 கிலோ 200 கிராம். எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், குடை, மாத்திரை டப்பா, இரண்டு மூக்குக்கண்ணாடி, மடித்த துணிப்பைகள், பெரிய சாவிக்கொத்து, சில்லறைப் பை. பையே காலியாக 900 கிராம் இருந்தது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூவும் முருங்கைக்காயும் வாங்கி, கிங்ஸ் சர்க்கிளில் ரயிலேறி, வடாலாவில் மாறி வரும் நாளில் இதற்குமேல் நாலு கிலோ சேரும். எல்லாம் ஒரே தோளில்.

ஒரு தோளில் கனம் ஏறினால் முதுகெலும்பு மறுபக்கம் வளைந்து ஈடுகட்டும். எடை எப்போதும் ஒரே காலில் கூடுதலாக இறங்கும். கையில் தொங்கும் பை இன்னும் மோசம், தடுமாறும்போது கைப்பிடியைப் பற்ற வேண்டிய கை அடைபட்டிருக்கும். முதியவர் பைக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை, இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதே.

இப்போது அம்மாவிடம் இருப்பது கால் கிலோகூட இல்லாத துணி முதுகுப்பை. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பட்டையுள்ள வார், விரல் மாட்டி இழுக்க வசதியாகப் பெரிய ஜிப் வளையம், உள்ளே வெளிர்நிறத் துணி. கறுப்பு உட்துணியில் மாத்திரையைத் தேடுவது கண்புரை உள்ளவர்களுக்குப் பெரும்பாடு. கூட்ட ரயிலில் மும்பைக்காரர்கள் முதுகுப்பையை மார்பில் மாட்டிக்கொள்வது வழக்கம். ஏறியபின் அது நல்லதுதான். ஆனால் இறங்குமுன் முதுகுக்கு மாற்றிவிட வேண்டும், மார்புப் பை காலடியையும் பிளாட்பாரத்தின் இடைவெளியையும் மறைத்துவிடும். சக்கரப் பை சமதரையில் சுகம், ரயில் நிலையப் படியில் சுமை. காய்கறி கனத்தால் இரண்டு துணிப்பையில் சமமாகப் பிரித்து, கூட வருபவர் கையில் கொடுத்துவிடுவதே நல்லது.

அந்தத் தினசரித் தாளை அம்மா பத்திரமாக மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடக் கையெழுத்தில் 'இடது', 'வலது' என்று எழுதி, கீழே தேதி போட்டிருக்கிறார். அடுத்த வருடம் அதே தேதியில் மறுபடி வரைந்து ஒப்பிட வேண்டுமாம். போன வாரம் காலை நடை முடிந்து திரும்பியவர், வந்ததும் வராததுமாகப் பழைய தாள்களைத் தேடினார். நடைத்தோழிகள் மூன்று பேர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். பென்சிலைச் சீவிக்கொண்டே அம்மா சொன்னார்: "உக்காராதீங்க. நின்னுதான் வரையணும்."